மூச்சைக் கேட்டுக் கிடந்தவள்

பல் துலக்கிய கையோடு மெக்கானிக் மவுத் ஆர்கனை எடுத்து ஊத ஆரம்பித்தார். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் மவுத் ஆர்கன் கற்றுக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அதுவும் செத்துப் பிழைத்து வந்த மனுஷனுக்கு.

அந்தக் கதையைக் கேட்காதவர்கள் தெருவில் யாரும் இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் குந்தி, கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்தது. கீழேயிருந்து காவலாளி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். அதனால் தப்பித்தார். நெஞ்சைப் பிளந்து, தைத்து, பத்திரமாக இருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். ஆறேழு மாதம் ஓடிவிட்டது.

அன்றிலிருந்து ஆள் வேறு ஆளாகிவிட்டார். கம்பெனியில் கூண்டு ஏற வேண்டாம், உட்கார்ந்து போன் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச நேரமெல்லாம் வாழ்வதற்கு. சின்னப் பிள்ளைகளோடு நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். காலையும் மாலையும் நடந்தார். யாரிடமெல்லாம் முறைத்துக்கொண்டு திரிந்தாரோ அவர்களையெல்லாம் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பழைய சண்டையைச் சுத்தமாக மறந்திருந்தார். மெக்கானிக் மன்னிப்புக் கேட்டதும் ஞாபகம் வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

போன வாரம், பல வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றதும், அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுததில் அண்ணி வைத்த டீ ஆறி ஆடை கட்டியதும் தெருவுக்கே தெரியும்.

இனி மிச்சம் இருப்பது மனைவிதான்.

அவளுக்காக ஒன்று ஏற்பாடு செய்திருந்தார். சட்டைப் பையில் இரண்டு ரயில் டிக்கெட். கல்யாணமான புதிதில், கடலோரத்தில் இருக்கும் அந்தக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று மகளுக்கே கல்யாண வயது வந்துவிட்டது.

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்ச நாளாகத் தொளதொளவென்று ஒரே மாதிரி சட்டைதான் போடுகிறாள். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அறுத்து, ஃபிரேமில் பொருத்தி, வருகிறவர்கள் மூக்கில் வைத்துப் பார்ப்பாள்.

"இன்னிக்கு நான் உன்னைக் கடையில கொண்டுவந்து விடவா?"

"வேணாங்க. பஸ்ல போயிக்கறேன்."

"நடந்து போலாம். பேசிக்கிட்டே."

"என்ன பேச?"

மன்னிப்புக் கேட்பதற்கு எல்லாரிடமும் ஒரு சண்டை இருந்தது. இவளிடம் அப்படி எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குக் கூட இத்தனை வருஷத்தில் உட்கார்ந்து பேசியதில்லை.

அவள் குனிந்து செருப்பை மாட்டும்போது இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

"கை வலியா?"

"தூக்கத்துல அழுந்திடுச்சு."

"எண்ணெய் தேய்ச்சிக்க."

"சரி. நீங்க வாசிங்க. நல்லா வருது."

அது பொய் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் வாசித்தார்.

*

மதியம் ஆபீஸில் அரை நாள் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனார். டிக்கெட்டை அவள் முன்னால் நீட்டும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் கற்பனை.

கடைக்காரர் தனியாக இருந்தார். உதட்டில் ஒரு குட்டித் திருகாணியைக் கவ்விக்கொண்டு, யாருடைய மூக்குக் கண்ணாடிக்கோ கால் மாட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும் திருகாணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அவங்க இல்லையே சார்."

"சாப்பிடப் போயிருக்காளா?"

"இல்ல. கொஞ்ச நாளா மதியம் வரைக்கும்தான் இருக்காங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும், தெரியும்" என்றார் மெக்கானிக். "மறந்துட்டேன்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மறுபடியும் திருகாணியை உதட்டில் வைத்துக்கொண்டார்.

சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் மெக்கானிக்கின் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. வெளியே வந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் தினமும் வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் "இன்னிக்குக் கடையில கூட்டம்" என்பாள். இவர் நீந்திய கதையைச் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டே சமைப்பாள்.

புத்தி போகாத இடமெல்லாம் போயிற்று. வேறு ஒருத்தனா? நினைத்த மாத்திரத்தில் வெட்கமாகிவிட்டது. அப்படியே ஒருத்தன் இருந்தாலும், இப்போது தான் இருக்கும் நிலையில் அவனிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வருவோம் என்று தோன்றிச் சிரிப்பு வந்தது.

மகளுக்குத் தெரிந்திருக்கும். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் காற்று நுழைய முடியாது.

மகள் இரண்டு தெரு தள்ளி மருந்துக் கடையில் இருக்கிறாள். கவுண்டரில் கூட்டம். அப்பாவைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது. பிறகு மறுபடியும் மாத்திரை அட்டையை வெட்டினாள்.

"அம்மா எங்க பாப்பா?"

"கடையில."

"கடையிலேர்ந்துதான் வர்றேன்."

அவள் ஒரு பெரியவருக்குக் காலை, ராத்திரி என்று உறைமேல் எழுதிக் கொடுத்தாள். அடுத்த ஆளைக் கூட நிற்பவளிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்கட்டுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"அப்போ சொல்றதுக்கு ஏதோ இருக்கு."

"அவங்ககிட்டயே கேளுங்கப்பா."

"எங்க போய்க் கேக்கறது? அவ எங்க இருக்கான்னே எனக்குத் தெரியலயே."

அந்தக் குரல் மகளை என்னவோ செய்தது. ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில இருக்காங்க. பயப்படாதீங்க, நடந்துதான் போயிருக்காங்க. மார்ல ஒரு கட்டி. கெட்ட கட்டி. அதை எடுத்தாச்சு. இப்போ கதிர்வீச்சு குடுக்கறாங்க. தினம் மதியம் போகணும். சனி, ஞாயிறு லீவு."

மெக்கானிக் கையை நெஞ்சில் வைத்தார். வலிக்கவில்லை. பழக்கத்தில் வைத்தது.

"எடுத்தாச்சுன்னா? எப்போ எடுத்தாங்க? நான் எங்க இருந்தேன்?"

"பெரியம்மா வழுக்கி விழுந்துட்டாங்கன்னு அம்மா நாலு நாள் போயிருந்தாங்கல்ல? பெரியம்மா விழவே இல்ல. ஆஸ்பத்திரியில அம்மாவுக்குத் துணைக்கு இருந்தாங்க."

அந்த நாலு நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போனில் கத்தினார். நான் இப்படிக் கிடக்கறேன், உனக்கு உங்க அக்காதான் பெரிசாப் போச்சா என்று கேட்டார். "வந்துடறேங்க" என்று எதிர்முனையில் மெல்லிசாக ஒரு குரல். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டார்.

"எப்போ தெரிஞ்சுது அவளுக்கு?"

மகள் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினாள். அதையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"சொல்லு பாப்பா. இனிமே என்ன?"

"நீங்க விழுந்த அன்னிக்கு மதியம்தான் டெஸ்ட்டுக்கு நேரம் குடுத்திருந்தாங்க. பஸ்ல போயிட்டு இருக்கறப்போ உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்திருக்கு. இறங்கித் திரும்பிட்டாங்க."

"அப்புறம் எப்போ போனா?"

"நீங்களா எழுந்து குளிக்க ஆரம்பிச்சப்புறம்."

வெளியே யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். மெக்கானிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவராக எழுந்து குளிக்க நாளாயிற்று. உண்மையைச் சொன்னால், முடிந்த பிறகும் கொஞ்ச நாள் முடியாத மாதிரிதான் இருந்தார். அவள் தண்ணீர் ஊற்றுவது சுகமாக இருந்தது.

"அவ்ளோ நாள் தள்ளிப் போனதுனால ஏதாவது..."

"அதை டாக்டர்கிட்டதான் கேக்கணும்" என்றாள் மகள். "நான் கேக்கல. எனக்குப் பயமா இருக்கு."

*

கதிர்வீச்சுப் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. லிஃப்டில் இறங்கும்போது கதவு ஓரத்தில் உரசும் சத்தம் கேட்டது. வேறு நாளாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்.

காத்திருக்கும் அறையின் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வட்டமாக ஐந்தாறு பெண்கள். நடுவில் அவர் மனைவி. இரண்டு கையையும் வாய்க்கு முன்னால் குவித்து, கன்னத்தை உப்பவைத்து, கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

யாரைப் போல நடித்துக் காட்டுகிறாள் என்று புரிய அவருக்கு ஒரு கணம் பிடித்தது.

கோபம் வரவில்லை. இவள் இவ்வளவு நன்றாக நடிப்பாளா என்றுதான் தோன்றியது. வீட்டில் யாரையும் இப்படிச் சிரிக்க வைத்து அவர் பார்த்ததில்லை. வீட்டில் யார் அவளிடம் வேடிக்கை கேட்டார்கள்?

அவள் கண்ணைத் திறந்தாள். கை கீழே இறங்கியது.

"இவருதானா?" என்றாள் தொப்பிக்காரி. "உடம்பு முடியாம கிடக்கறார்னு சொன்னே. கல்லு மாதிரி நிக்கறாரே."

"அக்கா, சும்மா இருங்க."

"நான் சும்மாத்தான் இருக்கேன். வாங்க தம்பி, உக்காருங்க." தொப்பி அக்கா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களையும் கண்ணைக் காட்டிக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

மெக்கானிக் அந்த நாற்காலியில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா சொன்னாளா?"

"ம்."

"பாவம், அவளும் எவ்ளோ நாள்தான் சுமப்பா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்போ சொல்றது? நெஞ்சுல தையலோட படுத்திருந்தீங்க. அதிர்ச்சியா எதுவும் காதுல போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அது அப்போ. அப்புறம் நல்லாயிட்டேன்ல?"

"நல்லாயிட்டீங்க. நல்லாயிட்டப்புறம் உங்களப் பிடிக்க முடியலயே. நீச்சல், நடை, அண்ணன் வீடு. வாயத் திறக்கலாம்னு கிட்ட வந்தா நீங்க வாழ்றதப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவீங்க." அவள் குரலில் சூடு இல்லை. கடையில் லென்ஸின் நம்பரைச் சொல்வது போலச் சொன்னாள். "அதோட, ஒரு வீட்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பயந்துட்டு இருந்தா, அடுப்பு யாரு பத்த வைக்கிறது?"

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசுவதில் மெக்கானிக் கெட்டிக்காரர் என்று பெயர். நான் வெளியிலதான் இருக்கேன், கயிறு அறாது, மூச்சை நிதானமா விடுங்க. முன்பின் தெரியாத எத்தனையோ பேரை அப்படிப் பேசியே அமைதிப்படுத்தியிருக்கிறார். இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் வந்ததும் பழகிப்போன வார்த்தைதான்.

"என்னை மன்னிச்சிடு."

"அந்த வார்த்தைய ஊரு பூரா குடுத்துட்டீங்க" என்றாள். "மிச்சம் இருக்கறத எனக்குக் குடுக்காதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து, மடியில் வைத்து, மடிப்பை நீவினார்.

"என்ன அது?"

"கலங்கரை விளக்கம். நீ பார்க்கணும்னு ஆசைப்பட்டியே, கல்யாணமான புதுசுல."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அதில் இருந்தது கேலியா, பரிவா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"ஆசைப்பட்டது நீங்க. நான் சரின்னு சொன்னேன்."

இவ்வளவு காலமாக அவள் ஆசை என்று மனசில் பூட்டி வைத்திருந்ததும் தன்னுடையதுதானா? அவளுடையது என்று வேறு என்னதான் தெரியும் என்று தேடிப் பார்த்தார். டீயில் சர்க்கரை கம்மி. அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

"சரி. இப்போ நீ சொல்லு. உனக்கு என்ன வேணும்? எதுவா இருந்தாலும் செய்யறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"தொப்பி அக்கா வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. ஒன்னாம் தேதியிலேர்ந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?"

"தூங்க."

அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்து அவளே தொடர்ந்தாள். "நீங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் தூங்கலீங்க. உங்க மூச்சக் கேட்டுக்கிட்டே கிடப்பேன். கொஞ்சம் நிக்கற மாதிரி இருந்தா எழுந்து உக்காருவேன். நீங்க புரண்டு படுப்பீங்க, மறுபடி கேக்கும். அப்புறம் நானும் சாய்வேன். அதுக்குள்ள விடிஞ்சிடும்."

"எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பி? உசிரோட இருக்கீங்களான்னு கேக்கறதா?"

அவர் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள்.

"எனக்கு எவ்ளோ நாள் இருக்குன்னு தெரியல. நிறையவே இருக்கலாம். எதுவானாலும், அதுல கொஞ்ச நாள் யாரோட மூச்சையும் கேக்காம படுக்கணும். என் மூச்ச மட்டும் கேக்கணும். அவ்ளோதான் என் ஆசை. சின்ன ஆசைதான்."

"நான் ஹால்ல படுத்துக்கறேன்."

"செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். எங்க படுத்தாலும் எனக்குக் கேக்கும்."

"என் மேல கோவமா?"

"கோவம் இருந்திருந்தா சண்டை போட்டுக்கிட்டு வீட்லயே இருந்திருப்பேன்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். எழுந்தவள், கைப்பையை எதிரில் இருந்த தொப்பி அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். யோசித்துச் செய்ததில்லை. தினமும் செய்வது.

தொப்பி அக்கா பையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பையை அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க. எனக்குச் சீக்கிரம் இங்க முடிஞ்சிடும். அப்புறம் யாராவது பிடிச்சித்தானே ஆகணும்."

வாங்கிக்கொண்டார். எடையே இல்லாத பை.

"ரூமப் பார்க்க வந்தன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா?" என்றாள் தொப்பி அக்கா. "ஜன்னலத் திறந்து பார்த்தா. கட்டில்ல உக்காந்து பார்த்தா. நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள தூங்கிட்டா. செருப்பக் கூடக் கழட்டல. இருட்டப் போறப்போதான் எழுப்பி விட்டேன். அவருக்குச் சாப்பாடு வைக்கணும்னு அரக்கப் பரக்க ஓடினா."

மெக்கானிக் அந்தச் சாப்பாட்டை எந்த நாளில் சாப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

மனைவி திரும்பி வந்தபோது பை அவர் கையில் இருப்பதைப் பார்த்தாள். கேட்டு வாங்கவில்லை.

"அந்த ரூம்ல ஜன்னல் தாழ்ப்பாளெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"பார்க்கல."

"ஒருதரம் வந்து பார்த்துக் குடுக்கறேன்."

"பார்த்துக் குடுத்துட்டு?"

அவர் பையை நேராக வைத்துக்கொண்டார். "போயிடறேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் எதிரில் உட்காரவைத்துக் கண்ணுக்கு நம்பர் பார்க்கும்போது, எழுத்து தெளிவாகிறதா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. பதில் சொல்வதற்குள் சிஸ்டர் வந்தாள்.

"டாக்டர் இருக்காங்க. போன வாரம் எடுத்த ஸ்கேன் விஷயமாப் பேசணுமாம். நீங்க வீட்டுக்காரரா? நல்லதாப் போச்சு. முதல்ல நீங்க மட்டும் வாங்க."

மெக்கானிக் பாதி எழுந்துவிட்டார். வங்கியோ, பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ, உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து வீட்டுக்கு விஷயத்தைச் சொல்கிறவர் எப்போதும் அவர்தான். எழுந்த பாதியில் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இதுவும் எதிர்பார்த்ததுதான் என்பது போல.

அவர் உட்கார்ந்துகொண்டார்.

"அவங்க போகட்டும் சிஸ்டர். அவங்க உடம்பு. என்னைக் கூப்பிட்டா வர்றேன்."

மனைவி நிமிர்ந்தாள். சிஸ்டரின் பின்னால் நடந்து, கதவைத் தானே திறந்து உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

அவர் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. தன் நெஞ்சைப் பிளந்து வைத்திருந்தபோது அவளும் இப்படி ஏதோ ஒரு கதவைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். தனக்குள் ஒரு கட்டியை வைத்துக்கொண்டு. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவர் இதுவரை கேட்டதே இல்லை.

கதவு திறந்தது.

அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கால்கள் நிதானமாக வந்தன. அவரைத் தாண்டிப் போயின. தொப்பி அக்காவின் முன்னால் போய் நின்றன.

"அக்கா" என்றாள், "அந்த ரூமை இன்னிக்கே குடுக்க முடியுமா? ஒன்னாம் தேதி வரைக்கும் தள்ளிப்போட வேணாம்."